இணையம் தரும் சட்ட ஆலோசனை: ஏற்பதும் தள்ளுவதும்

ஒரு செய்தியை ஏற்கும் முன்னர் அதைக் கொண்டு வந்தவர் யார் என்று வினவுவது முஸ்லிம் அறிவு மரபின் முதற்பாடம். நபிமொழிக் கலையின் பேரறிஞர்கள் அறிவிப்பாளர்களின் வாழ்வையும் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராய்ந்து நூல் நூலாக எழுதி வைத்தனர். அந்த மரபின் வழித்தோன்றல்களாகிய நாம் இன்று மணவிலக்கு, வாரிசுரிமை, வக்ஃபு முதலிய வாழ்வின் முக்கியமான விவகாரங்களில் பெயர் தெரியாத ஒருவர் கைபேசித் திரையில் சொன்னதை ஒரு வினாவும் எழுப்பாமல் ஏற்றுக்கொள்கிறோம். இம்முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையத்தை ஒட்டுமொத்தமாகப் பழிப்பது நமது கருத்தன்று. மக்கள் ஏன் அங்கே செல்கின்றனர் என்பதை முதலில் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். பரங்கிப்பேட்டையிலோ லால்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ வாழும் ஒரு பெண், தன் தந்தையின் சொத்தில் தனக்குள்ள பங்கைப் பற்றி ஜமாஅத்தில் கேட்டால், கேட்ட செய்தி பதில் வருமுன்பே ஊரெங்கும் பரவிவிடும். வழக்கறிஞரிடம் செல்லவோ பணமும் துணையும் வேண்டும். திரை அவளிடம் கட்டணம் கேட்பதில்லை. அவள் பெயரையும் கேட்பதில்லை. நமது நிறுவனங்கள் விட்டுவைத்த வெற்றிடத்தையே இணையம் நிரப்புகிறது. ஆயினும் அங்கே கிடைக்கும் விடையின் தரத்தைச் சோதித்துப் பார்க்கும் கடமையிலிருந்து இது நம்மை விடுவிக்காது.

சொல்பவர் யார்?

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மஜ்மூஉ நூலின் முன்னுரையில் ஃபத்வா வழங்குபவருக்கும் கேட்பவருக்கும் உரிய ஒழுங்குகளை விரிவாக எழுதியுள்ளார்கள். தகுதியுடையவர் யார் என்று தேடி அறிவது கேட்பவர் மீதும் கடமை என்பதும், ஒருவர் தம்மை அறிஞர் எனச் சொல்லிக்கொள்வது மட்டும் போதாது என்பதும் அவற்றுள் அடங்கும். பதிமூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இவ்விதி இணைய யுகத்திற்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது.

சட்ட ஆலோசனை என்ற பெயரில் இன்று தமிழில் நம்மிடம் வருபவை மூன்று வகையின. முதலாவது, மார்க்க அறிஞர்கள் ஃபிக்ஹு நூல்களின் அடிப்படையில் தரும் விளக்கம். இரண்டாவது, வழக்கறிஞர்கள் நாட்டுச் சட்டத்தின் அடிப்படையில் தரும் விளக்கம். மூன்றாவது, இவ்விரண்டும் அல்லாத ஆர்வலர்களின் கருத்து. திரையில் இம்மூன்றும் ஒரே தோற்றத்துடன், ஒரே உறுதியான குரலில் வெளிப்படுகின்றன. கேட்பவருக்கு வேறுபாடு புலப்படுவதில்லை.

முதல் வகையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் தெளிவுபடுத்தியது: ஃபத்வா ஒரு கருத்துரை, அதற்குச் சட்ட வலிமை இல்லை, எவரையும் அது கட்டுப்படுத்தாது. நமது உலமாக்களும் ஃபத்வாவுக்கும் ‘களா’ எனப்படும் நீதித் தீர்ப்புக்கும் இடையே இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகவே கற்பித்து வந்துள்ளனர். இரண்டாம் வகையிலும் எச்சரிக்கை தேவை. விளம்பரம் செய்து வழக்குத் தேடுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடுக்கின்றன. இணையவழியில் வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு விற்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. திரையில் அதிகமாகத் தென்படுபவரே அதிகம் அறிந்தவர் என்று கொள்வதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

எந்த மண்ணின் சட்டம்?

சொல்பவர் நேர்மையாளராகவும் கற்றவராகவும் இருக்கலாம். அவர் சொல்வது வேறு மண்ணின் சட்டமாக இருந்தால் அது நமக்குத் தவறான வழிகாட்டலே. வேற்றூரிலிருந்து ஒருவர் கேள்வியுடன் வந்தால் உமது ஊர் வழக்கத்தைக் கொண்டு விடை சொல்லாதீர், அவருடைய ஊர் வழக்கத்தைக் கேட்டறிந்து சொல்வீராக என்ற கருத்தை மாலிகி மத்ஹபின் அறிஞர் கராஃபீ (ரஹ்) வலியுறுத்தினார். இணையம் இந்த விதியை அன்றாடம் மீறுகிறது.

விளைநிலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், வாரிசுரிமை முதலியவற்றில் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் தனியார் சட்டமே பொருந்தும் என்றது. ஆனால் விளைநிலத்தை விலக்கி வைத்தது. அக்காலத்தில் விளைநிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே அதற்குக் காரணம். வட மாநிலத்தார் எழுதும் விளக்கங்களில் இவ்விலக்கு இன்றும் முதன்மையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சென்னை மாகாணம் 1949இல் திருத்தச் சட்டம் இயற்றி இவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் வயல்களில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் ஷரீஅத் வகுத்த பங்கு உண்டு. வடநாட்டு விளக்கம் ஒன்றைக் காட்டி ‘வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை’ என்று ஒருவர் சொன்னால், அது இம்மண்ணில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மாற்றப்பட்ட சட்டம்.

அடுத்தது, தந்தையை இழந்த பேரனின் நிலை. பாட்டனார் உயிருடன் இருக்கையில் மகன் இறந்துவிட்டால், பாட்டனாருக்கு வேறு மகன் இருக்கும் நிலையில் இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை என்பது ஃபராயிள் விதி. எகிப்து 1946இல் ‘கட்டாய மரண சாசனம்’ என்னும் முறையை ஏற்படுத்தி இப்பேரர்களுக்கு வழி செய்தது. பாகிஸ்தான் 1961ஆம் ஆண்டின் குடும்பச் சட்ட அவசர ஆணையின் மூலம் தந்தையின் பங்கையே பிள்ளைகளுக்கு அளித்தது. இவ்விரண்டு நாட்டு விளக்கங்களும் அரபியிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் ஏராளமாக உலவுகின்றன. அவற்றைக் கேட்டு மனநிறைவடையும் தமிழகத்துப் பாட்டனார் ஒன்றும் செய்யாமலேயே மறைந்துவிடுகிறார். இந்தியாவில் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. இங்குள்ள வழிகள் இரண்டே: வாழும்போதே ஹிபா செய்து சொத்தை ஒப்படைப்பது, அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் எழுதி வைப்பது. பிழையான நம்பிக்கை இங்கே அனாதைகளின் உரிமையைப் பறிக்கிறது.

மூன்றாவது, நம்மவரிடையே மிகப் பரவலான குழப்பம். தமிழில் சொத்துரிமை பற்றிப் பேசும் பெரும்பாலோர் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையே பேசுகின்றனர். எந்தச் சமயத்தாருக்கு அது பொருந்தும் என்று அவர்கள் சொல்வதில்லை. ‘பூர்வீகச் சொத்தைத் தந்தை தன் விருப்பப்படி விற்க முடியாது’, ‘பிறந்தவுடனே பிள்ளைக்குப் பங்கு உண்டு’ ஆகியவை அச்சட்டத்தின் கருத்துகள். முஸ்லிம் சட்டத்தில் பிறப்பால் வரும் சொத்துரிமை என்பதே கிடையாது. உரிமை பிறப்பது உடையவரின் மரணத்தில்தான். அவ்வாறே வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் பங்கின் அளவைத் தீர்மானிக்கும் ஆவணம் அன்று. வாரிசுகள் யார் என்பதை மட்டுமே அது கூறுகிறது.

மத்ஹபும் ஒரு மண்தான். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதி. பிரிக்கத்தக்க சொத்தில் பிரிக்கப்படாத பங்கை ஹிபா செய்வதை ஹனஃபி மத்ஹப் பொதுவாக முறையானதாக ஏற்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹப் ஏற்கிறது. வடநாட்டு ஹனஃபி மதரஸா ஒன்றின் விடையைப் படித்து, பரங்கிப்பேட்டை ஷாஃபிஈ குடும்பம் ஒன்று தன் ஹிபாவைச் செல்லாதது என எண்ணி நடந்தால் தவறு விடையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. கடலூரை ஒட்டியுள்ள புதுச்சேரியின் நிலையும் இத்தகையதே. பிரெஞ்சு ஆட்சி 1881இல் பிறப்பித்த ஆணையின்படி தம் தனியார் சட்டத்தைத் துறந்தவர்களின் வழியினருக்குப் பிரெஞ்சுச் சட்டத்தின் எச்சம் இன்னும் தொடர்கிறது. பெண்ணையாற்றுக்கு அப்பால் சில கல் தொலைவில் சட்டத்தின் வரலாறே வேறாகிவிடுகிறது.

மாற்றப்பட்டதும் நிலைத்ததும்

நாஸிக், மன்ஸூக் அறியாதவர் மக்களுக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது முன்னோர் வகுத்த நெறி. நாட்டுச் சட்டத்திலும் மாற்றியது எது, மாற்றப்பட்டது எது என்று அறியாமல் பேசுவது ஆபத்து. இணையத்தில் பழையது அழிவதில்லை. புதியதன் பக்கத்திலேயே அதே வெளிச்சத்துடன் நிற்கிறது.

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று செல்லாது என்றது. 2019ஆம் ஆண்டின் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. அதற்கு முந்தைய விளக்கங்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஜீவனாம்சத்திற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று பழைய கட்டுரைகள் சொல்லும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் 125ஆம் பிரிவின் வழியை நாடலாம் என்று அதே மாதம் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வக்ஃபு திருத்தச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. ‘சட்டமே ரத்தாகிவிட்டது’ என்பாரும் ‘எதுவும் நிறுத்தப்படவில்லை’ என்பாரும் ஒருசேரப் பிழை செய்தனர்.

காலத்தோடு இடமும் சேர்ந்துகொள்ளும்போது சிக்கல் மிகுகிறது. குல்உ முறையில் நீதிமன்றத்திற்கு வெளியே மணவிலக்குப் பெறலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. தனியார் அமைப்புகள் குல்உ சான்றிதழ் வழங்க இயலாது, பெண் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. தெலங்கானா உயர் நீதிமன்றமோ 2025இல் மனைவியின் குல்உ உரிமை கணவனின் சம்மதத்தைச் சார்ந்ததன்று எனத் தீர்ப்பளித்தது. மூன்றும் மெய்யான தீர்ப்புகள்தாம். சிதம்பரத்துப் பெண்ணைக் கட்டுப்படுத்துவது சென்னைத் தீர்ப்பே. கேரளத்து வழக்கறிஞரின் விளக்கத்தை நம்பி ஒரு சான்றிதழுடன் மறுமணம் செய்பவளின் நிலை பின்னர் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விடுதலைப் பத்திரம்: ஒரு சான்று

மேற்கூறியவற்றில் சரியான விடை ஒன்று இருந்தது. அதைக் கண்டடைவதே பிரச்சினை. சரியான சட்டத்தைக் கண்டடைந்த பின்னும் விடை கிடைக்காத விவகாரங்களும் உண்டு. நமது ஊர்களில் வழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகளின் திருமணத்தின்போது நகையும் வீடும் கொடுத்துவிட்டு, ‘தந்தையின் சொத்தில் இனி எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று அவளிடம் எழுதி வாங்கும் பழக்கம். தந்தை மறைந்த பின் அப்பத்திரம் அவளைக் கட்டுப்படுத்துமா?

ஒருவர் சொல்வார்: கட்டுப்படுத்தாது. தந்தை வாழும்போது மகளுக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. இல்லாத உரிமையை எவரும் விட்டுக்கொடுக்க முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 1918இல் இவ்வாறே தீர்ப்பளித்துள்ளது. மற்றொருவர் சொல்வார்: கட்டுப்படுத்தும். எதிர்பார்ப்பை விட்டுக்கொடுப்பது தன்னளவில் செல்லாது எனினும், அதற்கு ஈடாக உரிய மதிப்பைப் பெற்றுக்கொண்டு, தன் நடத்தையால் மற்றவர்களை நம்ப வைத்தவர் பின்னர் பங்கு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1973இல் கூறியது. கேரளத்து ராவுத்தர் குடும்பம் ஒன்றின் வழக்கில் 2011இல் அதை மீண்டும் வலியுறுத்தியது.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் விடை இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே, அந்தப் பெண்ணின் வாழ்வில் இருக்கிறது. அவள் பெற்றது பங்குக்கு ஈடான மதிப்பா, அல்லது எல்லா மகள்களுக்கும் வழக்கமாகக் கொடுக்கும் சீரா? பத்திரத்தில் அது பங்குக்கு ஈடு என்று எழுதப்பட்டுள்ளதா? கையொப்பமிடும்போது அவளுக்கு வயது என்ன? படித்துக் காட்டினார்களா? அவளது விடுதலையை நம்பித் தந்தை சொத்தை வேறு வகையில் ஏற்பாடு செய்தாரா? இக்கேள்விகளை எந்தத் திரையும் அவளிடம் கேட்கவில்லை. ஃபிக்ஹு அறிஞர்கள் ‘தஹ்கீகுல் மனாத்’ என்பது இதுவே: விதியை அறிவது ஒன்று, அவ்விதி இந்த நிகழ்வில் பொருந்துகிறதா என்று ஆய்ந்து அறிவது மற்றொன்று. இணையம் முதலாவதில் ஓரளவு உதவலாம். இரண்டாவது, எதிரே அமர்ந்து பத்திரத்தைக் கையில் வாங்கிப் படிப்பவராலேயே இயலும்.

அச்சுக் காலம் கற்பித்த பாடம்

பிழையான மூலத்தின் மீது சட்டம் கட்டப்படுவது இணையத்தோடு தொடங்கியதன்று. சார்லஸ் ஹாமில்டன் 1791இல் வெளியிட்ட ஹிதாயாவின் ஆங்கில ஆக்கம் அரபு மூலத்திலிருந்து நேரே பெயர்க்கப்படவில்லை. பாரசீக ஆக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. நமது கடற்கரை ஷாஃபிஈகளின் முதன்மை நூலான மின்ஹாஜ் 1914இல் ஆங்கிலத்தில் வந்தபோது, அது வான் டென் பெர்க்கின் பிரெஞ்சு ஆக்கத்தின் வழியே வந்தது. அரபியிலிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ்நாட்டு வழக்கு மன்றம் என அதன் பயணம் அமைந்தது. இடையில் எத்தனை கைகள் என்பதை வழக்காடியவர் அறியார். குடும்ப வக்ஃபு செல்லாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1894இல் அளித்த தீர்ப்பைச் சீர்செய்ய 1913இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

நம் அறிஞர்களும் இந்நோயை அறிந்திருந்தனர். டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), ஒருவர் செய்த பிழையைப் பின்வந்தோர் ஆராயாமல் பிரதி செய்ததால் அது இருபது நூல்கள் வரை பரவியிருப்பதுண்டு என்று எச்சரித்தார். குர்ஆனைக் கற்பிப்பதற்குக் கூலி பெறலாம் என்று பிற்கால அறிஞர்கள் அனுமதித்தது, வெறுமனே ஓதுவதற்குக் கூலி பெறலாம் என்று ஒரு நூலில் திரிந்து, பின்னர் பல நூல்களில் நிலைத்ததை அவர் சான்று காட்டினார். இருபது நூல்கள் சொல்வது இருபது சான்றுகள் அல்ல; மூலம் ஒன்றானால் சான்றும் ஒன்றே. ஒரே பிழை ஆயிரம் பேரால் பகிரப்படும் நம் காலத்திற்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை இல்லை.

நபிமொழிக் கலை இன்னுமோர் ஆபத்தையும் அறிந்திருந்தது: பொய்யான செய்திக்கு நம்பகமான அறிவிப்பாளர் வரிசையைப் பூட்டிவிடுதல். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதை இன்று எளிதாக்கிவிட்டன. நியூயார்க்கில் 2023இல் வழக்கறிஞர் இருவர், அத்தகைய கருவி புனைந்த தீர்ப்புகளை மெய்யெனக் காட்டி, தம் நிறுவனத்துடன் சேர்த்து 5000 டாலர் அபராதம் பெற்றனர். பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் அளித்த ஆணை ஒன்று, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியிருந்தமை தெரியவந்து திரும்பப் பெறப்பட்டது. அவற்றுள் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரால் காட்டப்பட்டதும் ஒன்று. தீர்ப்பு வழங்கும் மன்றமே இடறும்போது சாமானியரின் நிலை என்ன? வழக்கின் பெயர், ஆண்டு, தொகுதி எண் ஆகியவை இருப்பதே ஒரு சான்று மெய்யானது என்பதற்கு ஆதாரமாகாது.

நிறுத்துப் பார்க்கும் முறை

ஆகவே ஒரு சட்ட ஆலோசனையைக் கேட்கும்போது நாம் ஐந்து வினாக்களை எழுப்ப வேண்டும். சொல்பவர் பெயரும் தகுதியும் அறியப்பட்டவரா? அவர் காட்டும் சட்டமோ தீர்ப்போ மெய்யாகவே உள்ளதா? அது தமிழ்நாட்டுக்கும் நம் மத்ஹபுக்கும் உரியதா? எந்த ஆண்டின் நிலையைச் சொல்கிறது, பின்னர் மாறியுள்ளதா? நம்முடைய நிகழ்வின் விவரங்களைக் கேட்டுச் சொன்னாரா, கேளாமல் சொன்னாரா? இரண்டாம் வினாவுக்கு விடை காண இன்று எவரும் செலவு செய்ய வேண்டியதில்லை. மத்திய அரசின் சட்டத் தொகுப்புத் தளத்தில் சட்டங்களின் மூல வாசகமும், நீதிமன்றங்களின் தளங்களில் தீர்ப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆறாவதாக ஓர் அடையாளமும் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டு கேள்விகள் கேட்கப்பட்டபோது முப்பத்திரண்டுக்கு ‘அறியேன்’ என்றார்கள் என அறிவிக்கப்படுகிறது. நமது முஃப்திகள் ஃபத்வாவின் இறுதியில் ‘அல்லாஹு அஃலம்’ என்று எழுதுவது வெறும் சம்பிரதாயம் அன்று; தம் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் கையொப்பம். எந்த வினாவுக்கும் தயங்காமல் விடை தருபவரை நாம் சந்தேகிக்க வேண்டும்.

இத்தனையும் தனிமனிதரின் தோளில் மட்டும் ஏற்றத்தக்க சுமை அன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், வருமானம் எதுவாயினும் பெண்கள் அனைவருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. கடலூரில் மாவட்ட ஆணையமும் வட்டங்களில் அதன் குழுக்களும் இதற்காகவே உள்ளன; 15100 என்னும் எண்ணிலும் நாடலாம். இதை நம் பெண்களில் எத்தனை பேருக்கு ஜமாஅத்துகள் அறிவித்துள்ளன? லால்பேட்டை மன்பவுல் அன்வார் போன்ற தொன்மையான அரபுக் கல்லூரியை உடைய மாவட்டம் இது. ஃபராயிள் கற்ற ஆலிம் ஒருவரும் நாட்டுச் சட்டம் கற்ற வழக்கறிஞர் ஒருவரும் மாதம் ஒரு நாள் ஒரே மேசையில் அமர்ந்து, கேட்பவரின் பெயர் வெளியே போகாதபடி, பத்திரங்களைப் பார்த்துப் பதில் சொல்லும் ஏற்பாடு ஒவ்வொரு பெரிய ஜமாஅத்திலும் இயலாததன்று. அது தீர்ப்பு வழங்கும் மன்றமாகிவிடக் கூடாது. பள்ளிவாசல்களில் அத்தகைய மன்றங்கள் இயங்குவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடுத்தது சரியே. கேட்பவருக்கு அவர் உரிமையையும் அவர் செல்ல வேண்டிய வாயிலையும் காட்டுவதே அதன் பணி.

தந்தையின் வயலில் தனக்குப் பங்கு உண்டா என்று இரவில் திரையிடம் கேட்கும் பெண், அதே கேள்வியை அச்சமின்றிப் பகலில் கேட்பதற்கு ஓர் இடத்தை நாம் ஏற்படுத்தாதவரை, அவள் பெற்ற பிழையான விடைக்கு நாமும் பொறுப்பாளிகளே.